கரடியனாற்றுக்கு வந்து சேராத பட்டியல்

நேற்று முற்பகல் நானா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அண்ணன் முறையில், உன் கணவர் எனக்கு எப்போதும் நானாதான். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து என் மேசையில் மெல்ல வைத்தார்.

"தங்கச்சி, இது அவட பேக்குக்குள்ள கிடந்த. உங்கட ஒபிஸ் சாமான் போல. வீட்டில வெச்சிக்கிறது சரியில்லதானே."

உன் டோக்கன். பெருவிரல் அளவுகூட இல்லை. அதன் துளையில் நீ கட்டிவைத்த பச்சைச் சீத்தைத் துணி நாடா அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் நைந்து நூல் பிரிந்திருந்தது. நானாவின் கடையில் துணி வெட்டும்போது விழுந்த துண்டு அது. கைப்பைக்குள் கையை விட்டதும் அகப்பட வேண்டும் என்று கட்டினாய். நாம் செய்து அனுப்பும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதைக் கணினியில் செருகித்தான் உன் கையொப்பத்தை இடுவாய்.

"பின்னேரம் நோன்பு திறக்க வீட்ட வாங்க. உம்மா உங்களக் கேட்டுக்கிட்டே இரிக்கா," என்று சொல்லிவிட்டு நானா படியிறங்கிப் போனார்.

அவர் போன பிறகு, உன் பெயரிலுள்ள சான்றிதழை ரத்துச் செய்யும் பக்கத்தைத் திறந்தேன். அந்தக் கையொப்பம் உன்னுடையதுதான் என்று உலகத்துக்குச் சொல்லும் சான்றிதழ் அது. ஆள் இல்லாமல் போனால் அதை உடனே ரத்துச் செய்ய வேண்டும். போன மாதமே செய்திருக்க வேண்டிய வேலை. இவ்வளவு நாளும் தள்ளிப்போட்டதற்கு நீ இருந்தால் ஏசியிருப்பாய்.

காரணம் என்ன என்று அந்தப் பக்கம் கேட்டது. திறவுகோல் களவு போய்விட்டது, ஆள் வேறு இடத்துக்கு மாறிவிட்டார், புதிய சான்றிதழ் வந்துவிட்டது, பணி முடிந்துவிட்டது. இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். இறந்துவிட்டார், உங்கள் வீட்டில் சொல்வதுபோல 'மௌத்தாகிவிட்டார்' என்று ஒரு காரணம் அங்கே இல்லை. இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. நீ கவனித்திருப்பாயா தெரியவில்லை. 'பணி முடிந்துவிட்டது' என்பதை அழுத்தினேன்.

மதியத்துக்குப் பிறகு, ரத்தான சான்றிதழ்களைச் சொல்லும் புதிய ரத்துப் பட்டியல் வெளியானது. நாம் இருவரும் எழுதிய அந்தச் சின்ன நிரல் வழமைபோல, சான்றிதழ்களையும் பட்டியல்களையும் வைத்திருக்கும் களஞ்சியத்துக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு வந்தது. நடுவில் எங்கோ உன் சான்றிதழின் இலக்கம். பட்டியலில் பெயர்கள் இருப்பதில்லை, இலக்கமும் ரத்தான நாளும்தான். அந்த நாளுக்கு முன் நீ இட்ட கையொப்பங்கள் எல்லாம் செல்லும். இருந்தாலும் மனம் கேளாமல் பழைய மென்பொருள் ஒன்றை எடுத்துச் சோதித்தேன். உன் கையொப்பம் செல்லுபடியாகிறது என்று வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உன்னோடு கதைக்க வேண்டும்போல்தான் இருந்தது.

அந்த நிரலை எழுதிய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தொண்டு அமைப்பு, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்காக ஊர்களில் சிறிய மருந்து நிலையங்கள் நடத்தியது. பட்டணத்து டொக்டர் நோயாளியைப் பார்த்து, மருந்துத் துண்டைக் கணினியில் எழுதிக் கையொப்பமிடுவார். அதை அச்சடித்து வீட்டாரிடம் கொடுப்பார்கள். துண்டின் அடியில் ஒரு சதுரக் குறி இருக்கும். ஊரிலுள்ள மருந்து நிலையத்தில் அந்தக் குறியைப் படம்பிடித்தால், கையொப்பம் டொக்டருடையதுதானா, அவருடைய சான்றிதழ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று எங்கள் மென்பொருள் பார்த்துச் சொல்ல வேண்டும். கொடுப்பது கடுமையான வலி மருந்துகள். தவறான கைக்குப் போனால் ஆளையே கெடுத்துவிடும்.

உனக்கும் எனக்கும் கிடைத்தது அதில் ஒரு மூலை. டொக்டரின் சான்றிதழைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து வருவது, ரத்துப் பட்டியலை எடுத்து வருவது. பட்டியல் எங்கே இருக்கிறது என்ற முகவரி சான்றிதழுக்குள்ளேயே எழுதியிருக்கும். அந்த முகவரிக்குப் போய் எடுத்து வந்து, இலக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லதென்றால் திரையில் பச்சை, கூடாதென்றால் சிவப்பு, அவ்வளவுதான்.

"கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிட்டு வாற வேலதானேகா," என்று முதல் நாள் சிரித்தாய்.

கடை பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது என்பதில்தான் நமக்குள் சண்டை வந்தது.

"பட்டியல் கிடைக்காட்டி என்னத்தக் காட்டுற?" என்று நீ கேட்டாய்.

"பச்சையக் காட்டு," என்றேன், யோசிக்காமல். "மாரி மழைக்கு எங்கட ஊருக்கு நெட் வராது. அதுக்காக வலியில துடிக்கிற மனுசனுக்கு மருந்தில்லையெண்டு சொல்ல ஏலுமா?"

"பாக்காம எப்புடி நல்லமெண்டு சொல்லுற?"

"அப்ப சிவப்பப் போடப் போறியா?"

"பாக்காம எப்புடிக் கூடாதெண்டு சொல்லுற?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கரடியனாற்றில் பிறந்து வளர்ந்தவள். மழை பிடித்தால் வீதி தண்ணீருக்குள் போய், பட்டணத்துக்கும் எங்களுக்கும் இடையே ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் நாட்கள் எனக்குத் தெரியும். உன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாலே மருந்துக்கடைக்காரனுக்குக் கேட்கும். காத்தான்குடியில் இருந்துகொண்டு இதெல்லாம் உனக்கு விளங்காது என்று சொல்லிவிட்டேன். நீ கோபிக்கவில்லை.

"சரி. அப்ப என்னக் கூட்டிட்டுப் போ," என்றாய்.

செங்கலடியில் பஸ் மாறிப் போனோம். வயல்வட்டை முழுக்கப் பயிர் பச்சையாக நின்ற நேரம். நீ ஜன்னலோரம் இருந்து, "இவ்வளவு காத்து வீசுற ஊருக்கு சிக்னல் மட்டும் வராதாகா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். மருந்து நிலையம் ஒரே அறை. அதை நடத்திய வசந்தி என்ற பிள்ளை நமக்குக் கதிரை தந்துவிட்டுத் தான் மருந்துப் பெட்டியின் மேல் இருந்தாள். நாம் போன நேரம் மழையும் பிடித்தது, நெட்டும் போனது. நான் சொன்னது சரியென்று காட்ட வானமே உதவியதுபோல எனக்குச் சந்தோஷம்.

நீ வசந்தியிடம் கேட்டாய்: "தங்கச்சி, இது பச்சையும் காட்டாம சிவப்பும் காட்டாம, பாக்க ஏலாமப் போச்சு எண்டு மட்டும் சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"டொக்டர்ர குரல் எனக்குத் தெரியும் மிஸ். போன் எடுத்துக் கேட்டிருவன்."

"லைன்தான் இல்லையே."

"நெட்தான் வராது. பின்னால கிணத்துக் கட்டில ஏறி நிண்டா போன் கதைக்கலாம்."

நீ அதை நம்பிவிட்டு இருந்துவிடவில்லை. மழை விட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் ஏறினாய். உம்மாவுக்குப் போன் போட்டாய்.

"உம்மா, கேக்குதா? நான் கிணத்துக்கு மேல நிக்கன்!"

போனுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது உம்மாவின் சத்தம். "இறங்கு புள்ள! இப்பவே இறங்கு! என்ன நடந்த உனக்கு?" அவர் என்ன நினைத்துப் பதறினார் என்று விளங்கியதும் வசந்தியும் நானும் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் போனோம். நீ கிணற்றுக் கட்டின்மேல் நின்றபடியே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாம் முடிவாகிவிட்டது. ஒவ்வொரு பட்டியலும் அடுத்தது எப்போது வரும் என்று தன்மேல் எழுதிக்கொண்டுதான் வரும். அந்த நேரம்வரை பழைய பட்டியலைக் கணினிக்குள் வைத்துப் பாவிக்கலாம், லைன் நன்றாக இருக்கும்போதே புதியதை முந்தி எடுத்து வைக்கலாம், ஒரு முகவரி திறக்காவிட்டால் மற்றதைத் தட்டலாம் என்றேன். எங்கள் ஊருக்காக நான் கேட்டது அது. அந்த நேரமும் கடந்து, புதியதும் கிடைக்காவிட்டால், பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், மஞ்சள் நிறத்தில் 'பார்க்க முடியவில்லை' என்று சொல்லி, கீழே டொக்டரின் போன் இலக்கத்தையும் காட்ட வேண்டும் என்றாய். அது நீ கேட்டது.

அலுவலகத்தை நடத்தும் சேருக்கு இது பிடிக்கவில்லை. "மூணு நிறம் எதுக்கு? ஓம், இல்ல எண்டு ரெண்டு பதில் காணும். ஆக்கள் குழம்பிருவாங்க," என்றார்.

"குழம்பட்டும் சேர்," என்று நீ சொன்னாய். "குழம்பினாத்தான் போன் எடுப்பாங்க."

மூன்று நிறத்தோடும் மென்பொருள் போனது. உன் கையொப்பத்தோடுதான் போனது.

அடுத்த மாரியில் நடந்ததை வசந்தி சொல்லித்தான் நாம் அறிந்தோம். டொக்டரின் பை பஸ்ஸில் காணாமல் போய்விட்டது. உள்ளே அவருடைய டோக்கன். அவர் உடனே அறிவித்தார், சான்றிதழும் ரத்தானது, புதிய பட்டியலும் வெளியானது. பட்டணத்தில் எல்லோருக்கும் அது கிடைத்தது. கரடியனாற்றுக்கு வந்து சேரவில்லை. அங்கே மழை தொடங்கி நெட் இல்லாமல் போயிருந்தது. வசந்தியின் கணினியில் இருந்த பழைய பட்டியலின் காலமும் அன்று காலையோடு முடிந்திருந்தது.

அன்று ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு துண்டை நீட்டினான். அந்த டொக்டரின் கையொப்பம். வலி மருந்து, அதுவும் அளவுக்கு அதிகமாக. வசந்தி குறியைப் படம்பிடித்தாள். மஞ்சள். கொஞ்சம் இருங்க என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூமணி மாமி நனைந்து தோய்ந்து வந்து நின்றார். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவர். அவருடைய கணவருக்கு எலும்புக்குள் நோய், படுத்த படுக்கை. மாமியின் துண்டு போன கிழமை அதே டொக்டர் தந்தது. பொலித்தீன் பைக்குள் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். வசந்தி அதையும் படம்பிடித்தாள். அதற்கும் மஞ்சள்.

அவள் இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு, குடையோடு பின்னால் போய்க் கிணற்றுக் கட்டில் ஏறினாள். டொக்டர் போனை எடுத்தார். முதல் பெயரை வாசித்ததும் அவர் குரல் மாறியது. "அப்பிடி ஒராள நான் பாக்கவே இல்ல, என்ர டோக்கன் துலைஞ்சு போச்சு, அத வெச்சி ஆரோ எழுதியிருக்கிறாங்க, குடுக்காதீங்க," என்றார். இரண்டாவது பெயரைச் சொன்னதும், "ஓம், அது நான் எழுதினதுதான். அந்த மனுசனுக்குச் சரியான வலி. மாமிய நிக்க வெக்காம உடன குடுங்க," என்றார். வசந்தி இறங்கி முன்னால் வந்தபோது மோட்டார் சைக்கிளையும் காணவில்லை, ஆளையும் காணவில்லை. பூமணி மாமி மட்டும் வாசலில் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்றார்.

அதே கிணற்றுக் கட்டின்மேல் மறுபடியும் ஏறி நின்றுதான் வசந்தி உனக்குப் போன் எடுத்தாள். நீ போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தாய். அலுவலகம் முழுக்க வந்து சுற்றி நின்றது. கதை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினோம். நீ கையைக் காட்டி எங்களை அடக்கினாய்.

"மறுகா, மாமிக்கு மருந்து குடுத்தாச்சா?"

"குடுத்திட்டன் மிஸ். கொண்டு போயிட்டா."

அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்தாய். சேர் தன் அறை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த மஞ்சள் அப்புடியே இருக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நீ என்னைப் பார்த்தாய். சிரிக்கக்கூடாது என்று இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டோம்.

நான் சொன்னதுபோல் பச்சை காட்டியிருந்தால் அந்த ஆள் மருந்தோடு போயிருப்பான். பயந்துபோய்ச் சிவப்பு காட்டியிருந்தால் பூமணி மாமி வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பி நடந்திருப்பார், அந்த மழையில், அந்த வலிக்கு முன்னால் போய் நிற்க. இதை நீ ஒருநாளும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. யாராவது பாராட்டினால், "பழைய பட்டியல வெச்சிக்கச் சொன்னது இவ. இல்லாட்டி அங்க மாரி முழுக்க மஞ்சள்தான்," என்று என்னையும் இழுத்து விடுவாய்.

பூமணி மாமியின் கணவர் அந்த மாரி முடியுமுன் போய்விட்டார். செத்த வீட்டுக்கு நீயும் என்னோடு வந்தாய். பூமணி மாமிக்கு நீ யார் என்றே தெரியாது, சான்றிதழும் தெரியாது, பட்டியலும் தெரியாது. "கடைசி நாளெல்லாம் நித்திரை கொண்டார் மகள். பிள்ளையளோட கதைச்சார்," என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நீ அந்தக் கையைத் தடவிக்கொண்டே இருந்தாய். பஸ்ஸில் வரும்போது, "நாம செஞ்சது அந்தப் புள்ளய ஒரு போன் எடுக்க வெச்சதுதானேகா," என்றாய். பிறகு செங்கலடிவரை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சில்லாத பயணம்போல் நிறைவான பயணம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

போன மாதம் காய்ச்சல் என்று அரைநாள் லீவு போட்டுப் போனாய். டெங்கு. கஞ்சி குடிக்கிறாள், கதைக்கிறாள் என்று நானா சொன்ன மறுநாளே உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நேற்றுப் பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் தந்தார்கள், பிறகு நோன்புக் கஞ்சி. உம்மா என் பக்கத்தில் பாயில் இருந்தார். மெலிந்துவிட்டார், ஆனால் குரல் அப்படியேதான் இருக்கிறது.

"மகள், ஒண்டு கேக்கன், குறை நினைக்காதீங்க," என்றார். "என்ர புள்ள அங்க என்ன வேலதான் செஞ்ச? அவ சொன்ன, எனக்கு விளங்கல்ல."

எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் சொல்லிப் பார்த்தேன். டொக்டர்மார் கையொப்பம் வைப்பதற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது, அது நல்லதா, ரத்தானதா என்று போய்ப் பார்த்துக்கொண்டு வருவதற்கு ஒரு வழி செய்தோம் என்றேன். வசந்தியின் கதையைச் சொன்னேன், பூமணி மாமியின் கதையைச் சொன்னேன். கிணற்றுக் கட்டுக்கு வந்ததும் உம்மா நிமிர்ந்தார்.

"அதா! அண்டைக்கு எனக்கு உசிரே போயிட்டு மகள்!" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்து நானா எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல நாள் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். உம்மா என் தோளில் கையை வைத்து, அவ்வளவு பெருமையோடு அறிமுகம் செய்தார்.

"இவ என்ர மகளோட வேல செஞ்ச புள்ள. ரெண்டு பேரும்தான் டொக்டர்மாருக்கு சேட்டிபிகேட் குடுக்கிற."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "டொக்டர்மாருக்கேயா?" என்று கேட்டாள்.

நான் "ஓம்" என்றேன்.

கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியில் வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே உம்மாவைத் திருத்தியிருப்பாய். குடுக்கிற இல்ல உம்மா, எடுத்துப் பாக்கிற என்று பொறுமையாக விளங்கப்படுத்தியிருப்பாய். அவரும் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டில் போய் இதையேதான் சொல்லியிருப்பார். காத்தான்குடியில் உன் தெருவில் இப்போது நானும் டொக்டர்மாருக்குச் சான்றிதழ் கொடுப்பவள். உன் பெருமையில் பாதியை உம்மா தூக்கி என் தோளில் வைத்துவிட்டார். எனக்கு அது பாரமாக இல்லை. பெருநாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார், போவேன்.